மெத்தென்று அமுங்கும் தளம்: பழைய ஃபைபர் படகை எந்த வழியில் சரிசெய்வது?

பழைய ஃபைபர் படகில் ஏறி நின்றதும் தளம் மெத்தென்று அமுங்குகிறதா? உடனே ரெசின் (ஊற்றியபின் கல்லாக இறுகும் பிசின்) வாங்க ஓடாதீர்கள். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், இற்றுப்போன இடம் ‘தொப்’பென்று சத்தத்தை விழுங்கிவிடும். அங்கே 6 மி.மீ. டிரில்லை இறக்கிப் பாருங்கள். காய்ந்த வெளிர்தூள் வந்தால் பிழைத்தோம். காப்பி மண்டி மாதிரி ஈரமாகப் பழுப்பாக வந்தால் ஃபைபருக்குள் இருக்கும் மரம் போய்விட்டது. தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் கட்டைகளையும் இன்ஜினைத் தாங்கும் ‘பெட்’ மேடையையும் இதே மாதிரி பார்க்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஏராளமாக இறங்கிய ஃபைபர் படகுகளுக்கு இன்று 20 வயது ஆகிவிட்டது. ‘ஃபைபர் மக்காது’ என்பது உண்மைதான். ஆனால் பல படகுகளில் ஃபைபருக்குள் பொதிந்திருப்பது கட்டையும் பிளைவுட்டும். அதை மக்கவைப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, கரையேற்றி வைத்த படகில் தேங்கும் மழைநீர். உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கும். மழைநீரோ திருகு ஓட்டை வழியாக இறங்கி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

முதல் வழி, ஓட்டை போட்டு நீர்த்த எபோக்சியை (ஹார்டனர் கலந்தால் இறுகும் ஒரு வகை ரெசின்) ஊற்றுவது. ஒரே நாளில் முடியும், தளத்தைப் பெயர்க்க வேண்டாம். ஆனால் ஈர மரம் ரெசினைக் குடிக்காது. மேல் தோல் இறுகும், உள்ளே மக்கல் தொடரும். உள்ளங்கை அகலப் பொத்தலுக்கு ஒட்டு போடலாம், ஸ்ட்ரிங்கருக்கு இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நம் பட்டறைகளின் வழக்கமான வழி: மரைன் பிளைவுட், பாலியெஸ்டர் ரெசின், மேட் (கண்ணாடி இழைத் துண்டுகளைப் பசையால் பிணைத்த விரிப்பு). மலிவு, எங்கும் கிடைக்கும், சீக்கிரம் இறுகும். பிளைவுட்டில் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கோளாறு ஒட்டில்தான் வரும். ஏற்கெனவே இறுகிய பழைய ஃபைபரில் பாலியெஸ்டர் எபோக்சி அளவுக்குப் பிடிக்காது. கிரைண்டரால் பளபளப்பு போகும்வரை தேய்க்காமல் மேலே மேட் ஒட்டினால், அது பின்னாளில் அப்பளம் மாதிரி உரிந்து வரும்.

பிளைவுட்டோடு எபோக்சி என்றால் ரெசின் செலவு இரண்டு மடங்கைத் தாண்டும். ஆனால் மரத்தையும் பழைய ஃபைபரையும் அது விடாமல் பிடிக்கும். கலவை விகிதத்தில் கைக்கணக்கு ஆகாது, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். சாதாரண மேட்டும் இதற்குச் சரிப்படாது. அதன் இழைகளைப் பிணைக்கும் பசையை இளக்குவது பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம், எபோக்சியில் அது கிடையாது. நெய்த கண்ணாடி இழைத் துணி வாங்குங்கள்.

கடைசி வழி, மரமே இல்லாமல் படகுக்கென்று வரும் பிவிசி ஃபோம் வைத்து மேலே ஃபைபர் போர்த்துவது. மக்குவதற்கு உள்ளே எதுவும் இருக்காது. ஸ்ட்ரிங்கரில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் மேலே போர்த்திய ஃபைபர்தான், ஆகவே அதைப் போதிய கனத்தில் போட வேண்டும். கிச்சன் கப்போர்டுக்கு வரும் பிவிசி ஷீட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தெர்மாகோலும் ஆகாது, பாலியெஸ்டர் பட்டதும் கரைந்துவிடும். இன்ஜின் போல்ட் இறங்கும் இடத்தில் மட்டும் ஃபோம் நசுங்கும், அங்கே கெட்டியான பிளைவுட் கட்டை தேவை.

என் கைக்காசு என்றால் ஸ்ட்ரிங்கர், இன்ஜின் பெட், ஓர ஒட்டு எல்லாவற்றுக்கும் எபோக்சிதான். கையைக் கடித்தால் தளப் பலகையில் மட்டும் மிச்சம் பிடிப்பேன்: தரையிலேயே வைத்து இரு பக்கமும் விளிம்புகளிலும் பாலியெஸ்டர் போட்டு, முழுதாக இறுகியபின் தேய்த்து, எபோக்சியால் படகில் ஒட்டுவேன். பாலியெஸ்டர் மேல் எபோக்சி பிடிக்கும், எபோக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது.

எந்த வழியானாலும், அறுப்பதற்கு முன் படகின் வயிற்றுக்கு வெளியே நாலைந்து இடங்களில் முட்டுக் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ரிங்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, புதியது இறுகியபின் அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிய படகின் அடி கோணிக்கொள்ளும். அந்தக் கோணலிலேயே புதுக் கட்டையை ஒட்டினால் பிறகு நிமிர்த்த முடியாது.