மலைச்சரிவில் உழ எது தோது: மினி டிராக்டரா, பவர் டில்லரா, பவர் வீடரா?

நீலகிரியிலோ கொடைக்கானல் மேல்மலையிலோ கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போடுகிறவர் உழவுக்கு இயந்திரம் வாங்கப் போனால், பேச்சு எச்.பி.யில் தொடங்கி மானியத்தில் முடிந்துவிடும். சமவெளிக்கு அது போதும். மலையில் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. வண்டி கைமீறிப் போகும் அந்த நொடியில் ஓட்டுகிறவர் எங்கே இருப்பார்? மேலே உட்கார்ந்திருப்பாரா, பின்னால் நடந்து வருவாரா, கீழ்ப்புறம் நிற்பாரா? மூன்று இயந்திரங்களையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

அதற்கு முன் உங்கள் சரிவை அளந்துவிடுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் மண்ணில் வைத்து, ரசமட்டம் பார்த்து மறுமுனையைத் தூக்கிப் பிடியுங்கள். தூக்கிய முனைக்கும் மண்ணுக்கும் இடையே 20 செ.மீ. இருந்தால் சரிவு 20 சதவீதம். பாகைக் கணக்கில் அது சுமார் 11. சதவீதத்தையும் பாகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 45 பாகைச் சரிவுதான் 100 சதவீதம்.

மினி டிராக்டர்

வேகமாக உழும், சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை இழுக்கும், டிரெய்லரில் மூட்டை ஏற்றும். மூன்றில் உடம்பு நோகாமல் வேலை நடப்பது இதில்தான். மூன்றில் ஆளைக் கொல்லும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான், ஏனென்றால் ஓட்டுகிறவர் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பக்கவாட்டில் கவிழ்வதை ஒரு கணக்காகப் பார்ப்போம். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 90 செ.மீ. அகலம், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்கும் வண்டி, ஏட்டுக்கணக்கில் சுமார் 37 பாகை வரை தாங்க வேண்டும். அதை நம்பி யாரும் இறங்கக் கூடாது. 20 சதவீதச் சரிவில் குறுக்காகப் போகும்போது கீழ்ச்சக்கரம் 15 செ.மீ. குழியில் இறங்கி, அதே நேரம் மேல்சக்கரம் 10 செ.மீ. கல்லில் ஏறினால், 11 பாகை ஒரே நொடியில் சுமார் 27 ஆகிறது. குழியில் விழுந்த வேகம் அதற்கு மேல். இன்னொன்றும் உண்டு: முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் வண்டி நிற்பது நாலு காலில் அல்ல, ஏறக்குறைய ஒரு முக்கோணத்தில். 37 என்ற எண்ணிலிருந்து இதற்கும் ஒரு பங்கு கழியும். தூக்கி வைத்த ரோட்டவேட்டர் எடை மையத்தை இன்னும் மேலே கொண்டுபோகும்.

பின்பக்கமாகப் புரள்வது இதைவிட வேகமானது. மேடு ஏறும்போது பின்சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, டிரைவர் கிளட்சைப் படாரென்று விட்டால், சக்கரம் சுழல முடியாததால் அச்சைச் சுற்றி வண்டியின் உடலே எழும்பும். முக்கால் நொடிக்குள் திரும்ப முடியாத நிலையைத் தாண்டிவிடும். அதற்குள் காலைத் தூக்கிக் கிளட்சை மிதிக்க எவராலும் முடியாது. செங்குத்தான ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏறி, முன்பக்கமாக இறங்கச் சொல்வது இதனால்தான். கனமான பின்பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். இழுக்கும் சுமையை, வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டமான டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். கருவியின் மேல்பகுதியைப் பிடிக்கும் மேல்லிங்க்கில் சங்கிலி கட்டி இழுத்தால் அந்த இழுப்பே வண்டியைப் புரட்டும்.

இறக்கத்தில் இருசக்கர ஓட்டத்துக்கும் நான்கு சக்கர ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. இவ்வகை டிராக்டர்களில் பொதுவாகப் பிரேக் பின்சக்கரங்களில்தான். இறங்கும்போது எடை முன்னால் போய்விடுவதால், பிரேக் பிடிக்கும் சக்கரத்துக்குத் தரைப்பிடிப்பு குறைகிறது, வண்டி சறுக்குகிறது. நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டிருந்தால் எஞ்சின் பிடிப்பு முன்சக்கரத்துக்கும் கிடைக்கும். மலைக்கு மினி டிராக்டர் வாங்குவதென்றால் அந்த வசதி இல்லாததை வாங்கும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன். தாழ்ந்த கியரை உச்சியிலேயே போட்டுவிட வேண்டும், நடு இறக்கத்தில் கிளட்ச் மிதிக்கக் கூடாது, இடது வலது பிரேக் மிதிகளைக் கொக்கியால் இணைத்திருக்க வேண்டும்.

இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவு, ரோப்ஸ் என்பார்களே, அதில் சமரசமே வேண்டாம். 1959-ல் சுவீடன் புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து சாவது அங்கே வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் விற்கும் சிறிய டிராக்டர்கள் பலவற்றில் இது இல்லை. வெயிலுக்குப் போடும் தகரக் கூரை இதற்கு ஈடாகாது, கவிழ்ந்தால் அது அப்பளமாக நொறுங்கும். வளைவு இருந்தால் சீட் பெல்ட் போடுங்கள். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போட்டால் வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டதாகிவிடும்.

பவர் டில்லர்

இது இரண்டு சக்கரத்தில் ஓடும், ஆள் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து உழும் இயந்திரம். "கூட நடக்கிறதுதானே, கவிழ்ந்தால் கையை விட்டுவிடலாம்" என்பார்கள். பாதி உண்மை. 13 எச்.பி. டில்லர் ஏறக்குறைய 400 கிலோ. அது கீழ்நோக்கிச் சாயும்போது கையை விடத் தோன்றாது. பிடித்து நிறுத்தத்தான் தோன்றும். அந்த உந்துதலில்தான் ஆள் இழுபடுகிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து பக்கக் கிளட்சில் இருக்கிறது. சமதளத்தில் இடது நெம்புகோலை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு விசை நின்று, வண்டி இடதுபக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழ். விசை விட்ட இடது சக்கரம் சரிவில் தானாக உருண்டு முந்திக்கொள்ளும், எஞ்சின் பிடித்து வைத்திருக்கும் வலது சக்கரம் பின்தங்கும்; வண்டி வலதுபக்கம் திரும்பும். மலைச்சரிவில் படிக்கட்டுபோல வெட்டிய வயல் படியின் விளிம்பில் இடதுபக்கம் ஒதுங்க நினைத்தவர் வலதுபக்கம் பள்ளத்துக்குப் போவார். இறக்கத்தில் பக்கக் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும். முதல்முறை இதை நானே உணர்ந்தபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது. விற்கிறவர்கள் வண்டி ஒப்படைக்கும் அன்றே இதைச் சரிவில் இறக்கிக் காட்ட வேண்டும்.

அடுத்தது ரிவர்ஸ். பின்னால் படிச்சுவர் இருக்கும்போது கத்தி சுழல ரிவர்ஸ் எடுத்தால் சுவருக்கும் கத்திக்கும் நடுவே கால். கத்தி ஓட்டத்தை நிறுத்தாமல் ரிவர்ஸ் போடவே கூடாது.

பவர் வீடர்

சிறியது, கத்தியே சக்கரமாக ஓடுவது, இரண்டு பேர் பிடித்து அடுத்த படிக்குத் தூக்கிவிடலாம். கைமீறினால் உயிர் போகும் எடை இதற்கு இல்லை. பறிபோவது கால்விரல்தான், அதனால் செருப்போடு இறங்காமல் பூட்ஸ் போடுங்கள். மேல்மண்ணைத்தான் கிளறும், ஆழ உழாது, நாள் பிடிக்கும். சரிவுக்குக் குறுக்காக ஓட்டும்போது மேட்டுப்பக்கம் நின்று நடங்கள்.

எந்த நிலத்துக்கு எது

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மண் அரிக்காமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்காக உழ வேண்டும். டிராக்டர் கவிழாமல் இருக்கச் சரிவோடு மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். படி வெட்டாத சரிவில் இரண்டும் ஒத்துப்போகாது: குறுக்கே போனால் ஆளுக்கு ஆபத்து, நெடுக்கே போனால் ஒரே மழையில் மேல்மண் ஓடைக்கு. ஆகவே படி இல்லாத சரிவில் மினி டிராக்டருக்கு நான் இடம் தருவது 15 சதவீதம் வரைதான். அதற்கு மேல் வீடர். டில்லரையும் அங்கே இறக்கமாட்டேன்.

படிக்கட்டு வயல் என்றால் கதை மாறுகிறது. 16 முதல் 33 சதவீதம் வரையான சரிவுகளுக்கு நம் மண்வளப் பாதுகாப்புப் பாடங்கள் பரிந்துரைப்பது படிகளைத்தான். மழை மிகுந்த நீலகிரியில் உருளைக்கிழங்குப் படிகளை மலைப்பக்கம் லேசாகச் சாய்த்து வெட்டுவது, நீர் விளிம்பைத் தாண்டி வழியாமல் உள்வாய்க்காலில் ஓடுவதற்காக. அந்தச் சாய்வு டிராக்டருக்கும் நல்லது, வண்டி சாய்ந்தாலும் சுவர்ப்பக்கம் சாயும். ஆனால் விளிம்பு இளகும். படிச்சுவர் எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து தள்ளிச் சக்கரம் போக வேண்டும். சுவர் 1.2 மீட்டர், படி 3 மீட்டர் என்றால் மீதி 1.8 மீட்டர், அதில் மினி டிராக்டர் போகும், திரும்ப இடமிருக்காது. அத்தகைய படிக்கு டில்லரே நல்லது. 4, 5 மீட்டருக்கு மேல் அகலமும் ஏறி இறங்கச் சரிவான பாதையும் இருந்தால் டிராக்டருக்கே என் வாக்கு. வடகிழக்குப் பருவமழை ஊறிய நாட்களில் எதையும் விளிம்புப் பக்கம் விடாதீர்கள்.

வாங்காமல் வாடகைக்கு எடுக்கவும் வழியுண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி மூலம் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. ஆனால் வருகிற டிரைவருக்கு உங்கள் நிலம் தெரியாது. அவர் வருவதற்கு முதல்நாள் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். புதைந்த கல், எலி தோண்டிய பொந்து, ஊற்றுக் கசியும் இடம், போன மழையில் விளிம்பு விரிந்த படி, எல்லாவற்றிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவையுங்கள்.