ரீ-யில் தொடங்கும் ஆங்கில வினைகள்: 90 ரூபாய் நோட்ஸ் வாங்கலாமா?

மதுரை புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலும் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கையில் இந்த ஸ்பைரல் நோட்ஸைப் பார்க்கலாம். ஜெராக்ஸ் கடையில் விற்பது. 64 பக்கம், 90 ரூபாய். எழுதியவர் பெயர் கிடையாது. ஆர்-ஈ என்ற முன்னொட்டில் தொடங்கும் வினைகள் மட்டும்தான் உள்ளே.

முதல் பத்துப் பக்கத்துக்கே கொடுத்த காசு தகும். லத்தீனிலிருந்து வந்த இந்த முன்னொட்டுக்கு இரண்டு வேலை. ரீரைட், ரீஃபில் என்றால் மறுபடி செய்வது, நம் மறுகூட்டல், மறுபதிப்பு போல. ரிட்டர்ன், ரீபே என்றால் வந்த வழியே திரும்புவது, திருப்பிக் கொடுப்பது. ஒரு சொல்லில் ரீ தனியாகப் பிரியுமா என்று பார்க்க ஒரு சோதனை சொல்லியிருக்கிறார்கள்: ரீ-யைக் கழித்துவிட்டு மிச்சம் தனியாக நிற்கிறதா பார். ரைட், ஃபில் நிற்கும். ரிசீவில் சீவ் நிற்காது. அதை ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ரிப்ளை மாட்டிவிடும். ப்ளை என்று தனிச்சொல் இருக்கிறது, பொருள்தான் ஒட்டாது. அதையும் எச்சரித்திருப்பது நல்ல கவனம்.

ரிப்பேர் பற்றிய பக்கம்தான் இதில் சிறந்தது. ‘வண்டி ரிப்பேர்’ என்றால் நமக்கு வண்டி கெட்டுப்போச்சு. ஆங்கிலத்தில் அது நேர் எதிர்: சரிசெய்வது. லத்தீன் மூலத்தில் ‘மறுபடி தயார்செய்’ என்று பொருள். அதனால் ‘மை பைக் இஸ் ரிப்பேர்’ தப்பு. ‘மை பைக் நீட்ஸ் ரிப்பேர்’ அல்லது ‘ஹேஸ் ப்ரோக்கன் டவுன்’ என்று எழுத வேண்டும். தமிழில் புழங்கும் சொல்லே ஆங்கிலத்தில் காலை வாரிவிடும் இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

சேர்க்கைச் சொற்களும் பரவாயில்லை. ரிக்வெஸ்ட் வினையாக வந்தால் பின்னால் ‘ஃபார்’ வராது, பெயராக வந்தால் வரும். ரிப்ளைக்கு ‘டு’ வேண்டும், ரிசெம்பிளுக்கு எதுவும் வேண்டாம். ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிவர்ட் பேக்’ இரண்டும் கூறியது கூறல்.

விட்டுப்போனது ஒன்று. எல்லா வினையோடும் ரீ ஒட்டாது என்று எங்கேயும் சொல்லவில்லை. ஒரு பொருளின் நிலையை மாற்றும் வினையோடுதான் ரீ சுலபமாகச் சேரும். பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துவிட்டுக் கட்டியதற்கு ரீபில்ட் சரி. முதலில் கட்டியவரே திரும்பக் கட்ட வேண்டும் என்பதில்லை, நிலையம் திரும்ப நின்றால் போதும். தூங்குவதும் சிரிப்பதும் எதையும் மாற்றி நிறுத்துவதில்லை. அதனால்தான் ரீ-ஸ்லீப், ரீ-லாஃப் என்று யாரும் சொல்வதில்லை. இது தெரியாமல் படிக்கிற பிள்ளைகள் கண்டதிலும் ரீ சேர்த்து எழுதுகிறார்கள்.

தவறுகளும் உண்டு. ரீச், ரீட், ரெக்கன் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. அவை பழைய ஆங்கிலச் சொற்கள், அங்கே முன்னொட்டே இல்லை. ரிஹர்ஸுக்கு ‘மறுபடி கேட்பது’ என்று விளக்கம் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது: உழுத மண்ணில் கட்டி உடைக்கப் பலுகு ஓட்டுவோமே, அதை மறுபடி ஓட்டுவது. ஒத்திகைக்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா? வாடிப்பட்டி, மேலூர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஒரு தடவையில் மனதில் நிற்கும். அதைக் கெடுத்துவிட்டார்கள்.

பெரிய குறை உச்சரிப்பு. 31-ஆம் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு வரிகளில், ரீ-க்குப் பின் ஹைஃபன் என்ற சின்னக் கோடு உள்ள சொல்லுக்கும் இல்லாத சொல்லுக்கும் உச்சரிப்பு ‘ரிசைன்’ என்றே அச்சாகியிருக்கிறது. ஹைஃபன் உள்ளதை ‘ரீ’ என்று நீட்டி, நடுவில் ஸ் ஒலியோடு சொல்ல வேண்டும்: ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போடுவது. ஹைஃபன் இல்லாததில் ‘ரி’ குறில், நடுவில் வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வொலி: வேலையை விடுவது. ரீ-கவர் என்றால் மறுபடி உறை போடுவது, ரிகவர் என்றால் நோயிலிருந்து மீள்வது. மறுபடி என்ற பொருள் உயிரோடு இருந்தால் நெடில், உருகிக் கலந்துவிட்டால் பெரும்பாலும் குறில். வாங்குகிறவர்கள் பேனாவால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். மங்கிய பிரதிகளில் முதலில் காணாமல் போவது ஹைஃபன்தான். காசு கொடுக்கும் முன் கடையிலேயே 31-ஆம் பக்கத்தைத் திறந்து, அந்தச் சின்னக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் வேறு பிரதி கேளுங்கள்.