இளம்பிள்ளை ‘சாஃப்ட் சில்க்’: விலைக்குத் தகும், பெயருக்குத் தகாது

கஞ்சமலை அடிவாரத்து இளம்பிள்ளை விசைத்தறி ஊர். தறிக்காரர்களே கடையும் போட்டிருப்பதால் முகூர்த்த மாதங்களில் சேலம், ஓமலூர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். அங்கே அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கும் ‘சாஃப்ட் சில்க்’ சேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம், குறிப்பாக ஆயிரம் ரூபாய்க்குள் வருவதைப் பற்றி.

அந்த விலையில் பட்டு வராது. லேசான பட்டுச் சேலைக்கே கால் கிலோவுக்கு மேல் பட்டு நூல் வேண்டும். கச்சாப் பட்டு கிலோ பல ஆயிரம். ஆகவே இது பெரும்பாலும் பாலியஸ்டர், சிலதில் விஸ்கோஸ் (மரக்கூழில் செய்யும் இழை) கலப்பு. குடிநீர் பாட்டில் செய்யும் அதே பெட் (PET) பிளாஸ்டிக்கை இழையாக இழுத்தால் பாலியஸ்டர். கேட்டால் ‘ஆர்ட் சில்க்’, அதாவது செயற்கைப் பட்டு, என்று நேராகச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. ‘பியூர்’ என்று சத்தியம் செய்பவரிடம் அசல் பட்டுக்கான சான்று முத்திரையான சில்க் மார்க் ஹாலோகிராம் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். பாலியஸ்டர் துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து இழையின் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்துவிட்டால் பட்டுக்குரிய அந்த வழவழப்பும் துவளலும் வந்துவிடும். எரித்துப் பார்ப்பதுதான் வழி. முந்தானைக்கு எதிர்முனையில், இடுப்பில் செருகும் ஓரத்திலிருந்து பாவு நூலில் (நீளவாட்டில் ஓடுவது) நாலு இழை, ஊடை நூலில் (குறுக்கே ஓடுவது) நாலு இழை தனித்தனியாக உருவுங்கள். இரண்டும் ஒரே நூலாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்துங்கள். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். பட்டு தலைமுடி கருகிய வாடை அடிக்கும், சாம்பல் தொட்டதும் பொடியாகும். விஸ்கோஸும் பருத்தியும் காகிதம் போல எரியும். கலப்பு நூலென்றால் இரண்டு குணமும் கலந்து வரும், அதில் கொஞ்சம் குழப்பம் உண்டு.

ஜரிகையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அலுமினியம் பூசிய பாலியஸ்டர் படலத்தை நாடாவாக நறுக்கியது. அதனால்தான் பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரி போட்டால் பார்டர் சுருண்டு ‘கொசகொச’ என்று ஆகிவிடும்; சேலையின் உடல் பகுதியிலும் பளபளவென்று திட்டு விழும், அது பிறகு போகாது. குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும்.

நெசவு? இந்த விலைக்குக் குறை சொல்ல முடியாது. நிறம் எளிதில் வெளுக்காது, கட்டினால் மடிப்பு நிற்கிறது, கசங்காது. உடுத்தும் சுகத்தில்தான் உதைக்கிறது. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம், பட்டு சுமார் 11 சதவீதம் ஈரத்தைத் தாங்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. சேலத்துச் சித்திரையில் மண்டபத்துக்குள் இதைக் கட்டிக்கொண்டு உட்கார்வது தண்டனை. ஏற்காட்டில் மார்கழியில் கட்டினால் தெரியாது. குத்துவிளக்கு, கேஸ் அடுப்புப் பக்கம் கவனம்: தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும்.

இனி துவைக்கும் கதை. பாலியஸ்டர் எதுவானாலும் துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிரும், அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் எல்லாம் ஒரே அளவில் உதிராது. நீள இழையில் நெருக்கமாக நெய்த இந்தச் சேலை ஸ்வெட்டர், போர்வை அளவுக்குக் கொட்டாது. இந்தச் சேலையில் உதிரும் இடம் வேறு. புட்டாவை (உடலில் நெய்த பூ வேலையை) திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் தொங்கிய ஊடை நூலை வெட்டி எடுத்த மிச்சம் குட்டை மயிராக நிற்கும். முந்தானைக் குஞ்சமும் அப்படியே. வெட்டுப்பட்ட நுனிகளிலிருந்துதான் அதிகம் கழலும், அதுவும் முதல் சில துவையலில். குறைவான புட்டா, நெருக்கமான நெசவு, குஞ்சத்துக்குப் பதில் மடித்து அடித்த ஓரம் உள்ளதாக எடுத்தால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீரும்.

முதல் சில தடவை மெஷினில் போடாதீர்கள். வாளியில் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் திரவ சோப்பு, பத்து நிமிடம் ஊறல். பிரஷ் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். அழுக்குத் தண்ணீரை நாலாக மடித்த பழைய வேட்டியில் வடித்து, வேட்டி காய்ந்ததும் ஒட்டியதை உதறிக் குப்பையில் போடுங்கள். வேட்டியைக் குழாயடியில் அலசினால் செய்த வேலை வீண். பிறகு மெஷினில் போடுவதென்றால் டிரம் நிறையத் துணியுடன், சூடில்லாத தண்ணீரில், குறுகிய நேரம். மெஷினில் மென்துணிக்கென்று உள்ள ‘டெலிகேட்’ ஓட்டம் நல்லது என்று நினைப்பார்கள்; அதில் துணிக்குத் தண்ணீர் அதிகம் என்பதால் உதிர்வது கூடும். கழிவுக் குழாயில் மாட்டும் நைலான் வலை பஞ்சுக் கட்டியை மட்டும் பிடிக்கும். ஓர் இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்குதான். வலைக்கண் அதைவிடப் பல மடங்கு பெரியது. மிச்சம் சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றுக்கும் அங்கிருந்து காவிரிக்கும் போகும்.

கடையில் கொடுக்கும் பையையும் பாருங்கள். துணி போலத் தெரிந்து, மேலெல்லாம் புள்ளிப் புள்ளியாக அழுந்தியிருந்தால் அது ‘நான்-ஓவன்’, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பொருள். கையில் மஞ்சப்பையோடு போங்கள்.

பழசான பின் பாத்திரக்காரர்கூட இதை ஆர்வமாக வாங்குவதில்லை. காட்டுப்பன்றிக்குப் பயந்து தோட்ட வேலியில் கட்டுவது நம் பக்க வழக்கம். பருத்திச் சேலையானால் மக்கிவிடும். இது வெயிலில் இற்று, நூல்நூலாக மண்ணில் கலக்கும். வேலிக்கு இது வேண்டாம், மெத்தை உறைக்குள் திணித்துவிடலாம்.

வருஷத்துக்கு நாலு விசேஷத்துக்குக் கட்ட, குறைவாகத் துவைக்க: தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு மூன்றரை. தினமும் வேலைக்குக் கட்டிப் போக என்றால் அதே கடைவீதியில் பருத்திச் சேலையும் கிடைக்கிறது, அதை எடுங்கள்.