ஈலிங்கில் ஒரு ரக்பி சீசன்

2021-22 சீசனில் ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்க்க மேற்கு லண்டனில் உள்ள வாலிஸ் வே மைதானத்துக்குப் போய்வந்தேன். இங்கிலாந்து ரக்பியின் இரண்டாம் அடுக்கு ஆட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காசில் பார் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பொடிநடைதான்.

சிறிய மைதானம் என்பதே இதன் அழகு. ஓரக் கம்பியைப் பிடித்து நின்றால், ஸ்க்ரம் கட்டும்போது, அதாவது இரு அணியினரும் கோத்து நின்று பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளும்போது, தோளும் தோளும் மோதும் ‘தொம்’ சத்தம் நெஞ்சில் விழும். குளிர்நாளில் அந்தக் கூட்டத்துக்கு மேலே ஆவி எழும். செயற்கைப் புல் என்பதால் மழையிலும் பந்து வேகமாகக் கைமாறும்; விழுந்து எழும் ஆட்டக்காரரின் முழங்காலில் கறுப்பு ரப்பர் துகள்கள் ஒட்டியிருக்கும்.

முந்தைய சீசன் இறுதிச் சுற்றில் இதே மைதானத்தில் சாரசன்ஸ் அணியினர் ஈலிங்கை 60-0 என்று அடித்துவிட்டுப் போனார்கள். அப்படி விழுந்த அணி மறு சீசனிலேயே 11 அணிகளில் முதலிடம் பிடித்தது. சரி, மேலே ஏறினார்களா? இல்லை. முதல் அடுக்கான பிரீமியர்ஷிப்புக்கு 10,001 பேர் கொள்ளும் மைதானம் வேண்டும் என்ற அன்றைய விதியைக் காட்டி இங்கிலாந்து ரக்பி நிர்வாகத்தினர் மறுத்துவிட்டார்கள். இரண்டாமிடம் வந்த டான்காஸ்டர் அணிக்கும் அதே கதி. களத்தில் ஜெயித்ததை இருக்கைக் கணக்கால் பறிப்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ரக்பியை முதன்முதலாகப் பார்க்கிறவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன். கையுறை மட்டும் மறக்காதீர்கள், கம்பி ஜில்லென்று இருக்கும்.