பெக்கா பி40 திட்டமா, மடானி மருத்துவத் திட்டமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆட்கள், இந்த இரண்டு அரசு மருத்துவ உதவித் திட்டங்களில் எதற்கு மனு போடுவது என்று குழம்புகிறார்கள். இரண்டுக்குமே தனி மனு கிடையாது, குறைந்த வருமானத்தினருக்கு அரசு தரும் எஸ்டிஆர் (STR) உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், முதலில் அதைச் சரிபாருங்கள்.

வயது: பெக்காவுக்கு 40 ஆகியிருக்க வேண்டும். மடானிக்கு அப்படி இல்லை.

எதற்கு: மடானி காய்ச்சல், இருமல் மாதிரி சின்ன நோய்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட மாவட்டங்களில், பதிவான தனியார் கிளினிக்கில் மட்டும். பெக்கா இலவச உடல் பரிசோதனைக்கு. அப்புறம் அரசு மருத்துவமனையில் இதய ரத்தக்குழாயை விரிக்கும் ஸ்டென்ட், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் மாதிரி ஏதாவது தேவைப்பட்டால் 20,000 ரிங்கிட் வரை உதவி, புற்றுநோய் சிகிச்சையை முழுதாக முடித்தால் 1,000 ரிங்கிட். நம் ஆட்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

பிள்ளைக்குக் காய்ச்சலா, மடானி. அம்மா அப்பாவுக்கு 40 தாண்டிவிட்டதா, உடம்பு நன்றாக இருந்தாலும் சரி, பெக்கா பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.