பழைய மாமோட் எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

இங்கிலாந்தில் பழைய நீராவி மாடல் ரயில் எஞ்சின்களை வாங்கி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுதாகப் புதுப்பித்துத் தருகிறேன் என்று 280 பவுன் பணம் வாங்கிக்கொண்ட ஒருவர், பற்றவைத்தால் ஆபத்து என்ற நிலையில் என் எஞ்சினைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார் என்று மட்டும் சொல்கிறேன், இதே வேலையை வேறு யாரும் உங்களுக்குச் செய்துவிடக் கூடாது.

எஞ்சின், மாமோட் கம்பெனியின் எஸ்எல்1 மாடல். பர்மிங்காமில் 1937இல் ஆரம்பித்த அந்தக் கம்பெனி, எழுபதுகளின் கடைசியில்தான் ரயில் எஞ்சின் பக்கம் வந்தது. 32 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் நாலு சக்கர வண்டி. அடித்தட்டில் எரிபொருள் வில்லைகளைக் கொளுத்தினால் பாய்லர் சூடேறி, இரண்டு பக்கமும் சிலிண்டர்கள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே சக்கரத்தைச் சுழற்றும். சிலிண்டரே ஆடுவதால் தனியாக வால்வ் கிடையாது. சிலிண்டரின் முதுகும், அது உரசுகிற பித்தளை முகமும் சேர்ந்துதான் ஆவியைத் திறந்து மூடுகின்றன. ஒரு ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடித்திருக்கும். அந்த முகத்தில் கீறலோ மேடு பள்ளமோ இருந்தால் ஆவி முழுக்க இடுக்கு வழியாகவே போய்விடும்.

என் எஞ்சினுக்கு வந்த கோளாறும் அதுதான். பிரஷர் ஏறும், சக்கரம் அரைச் சுற்றில் நின்றுவிடும், சிலிண்டர் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவியும் வெந்நீரும் தெறிக்கும். பாய்லரின் முனைமூடியிலும் லேசான கசிவு. முகங்களைத் தேய்த்துச் சமன்செய்வது, பாய்லர் மூட்டுக்கு சில்வர் சோல்டர் (வெள்ளி கலந்த பற்று) வைப்பது, தண்ணீர் பிரஷர் சோதனை செய்து சான்றிதழ் தருவது என்று அவர் மெயிலில் எழுதி ஒப்புக்கொண்டார்.

திரும்பி வந்தபோது பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. முனைமூடியின் விளிம்பில் மட்டும் பெயின்ட் தடிப்பாகத் திரண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். சில்லாகப் பெயர்ந்து வந்தது, அடியில் தேன் நிறத்தில் கெட்டிப்பட்ட எபாக்ஸி பசை. அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஈய சோல்டர்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். பிரஷரை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள்; ஒரு பார் பிரஷரில் ஆவியின் சூடு 120 டிகிரி. சாதாரண எபாக்ஸி அந்தச் சூட்டுக்கு முன்பே இளகிவிடும். ஈய சோல்டர் 185 டிகிரி வாக்கில் உருகும், அதனால் தண்ணீர் இருக்கும்வரை பிடித்து நிற்கும். தீ எரியும்போது தண்ணீர் வற்றிவிட்டால் மூட்டு விட்டுவிடும். சில்வர் சோல்டர் உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்காகத்தான் அதைக் கேட்டேன். ஈயம் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு சில்வர் சோல்டர் சரியாகப் பிடிக்காது. அந்தச் சூட்டில் ஈயம் பித்தளையையே அரித்துவிடும். ஆக, கசிவு மட்டும் இருந்த பாய்லரை இனி எடுத்துப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும்.

அப்புறம் சிலிண்டர்களைக் கழற்றிப் பார்த்தேன். முகத்தில் குறுக்கும் நெடுக்கும் அரத்தின் பல் தடம். இந்த வேலையை அரத்தால் செய்யவே கூடாது. தட்டையான கண்ணாடிமேல் 600, பிறகு 1200 நம்பர் உப்புத்தாளை வைத்து, எண்ணெய் விட்டு, எட்டு போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்க்க வேண்டும். அதைவிட மனசு கஷ்டப்பட்டது, இடது சிலிண்டர் என்னுடையதே இல்லை. என்னுடையதில் அடிப்பக்கம் ஆழமான கீறல் ஒன்று இருந்தது, அனுப்புவதற்கு முன் எடுத்த போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது. வந்ததில் கீறலும் இல்லை, பிஸ்டனும் லொடலொடவென்று ஆடுகிறது.

பக்கத்து ஊர் மாடல் எஞ்சினியரிங் கிளப்பில் பாய்லர் சோதிக்கிறவரிடம் எடுத்துப் போனேன். கைப்பம்பால் குளிர்ந்த தண்ணீரை ஏற்றிப் பார்த்தார். தண்ணீர் சுருங்காது, அதனால் மூட்டு விட்டாலும் வெடிக்காமல் ஒழுகுவதோடு நிற்கும். புதுப் பாய்லர் என்றால் வழக்கமாக ஓடும்போது இருக்கிற பிரஷரைப் போல இரண்டு மடங்கு, பழையதென்றால் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். இது ஒன்றரையைக்கூட எட்டவில்லை. பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வைத் தனியாக மாட்டிப் பார்த்தார். ஒரு பார் பக்கம் திறக்க வேண்டியது, 3 பார் தாண்டியும் திறக்கவில்லை. உள்ளே தடிமனான வேறு ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறார்கள், வால்வில் வந்த கசிவை நிறுத்தத்தான் என்று நினைக்கிறேன். பலவீனமான மூட்டு, அதன்மேல் திறக்காத வால்வ். குழந்தைகள் முட்டி போட்டு உட்கார்ந்து பார்க்கிற எஞ்சின் இது. இதை நினைக்கும்போது இப்போதும் கோபம் வருகிறது.

சான்றிதழில் "சோதித்தேன், சரி" என்று ஒரு வரி. எத்தனை பார், என்ன தேதி, எதுவும் இல்லை. கேட்டதற்கு, பழைய பொம்மை இப்படித்தான் இருக்கும் என்று பதில் எழுதினார். அடுத்த மெயில்களுக்குப் பதிலே இல்லை.

கிரெடிட் கார்டில் நேராக அவருக்கே கட்டியிருந்ததால் பணம் திரும்பக் கிடைத்தது. 100 பவுனுக்கு மேல், 30,000 பவுன் வரை விலையுள்ள வேலைக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்குகிறது. கிளப்காரர் எழுதித் தந்த அறிக்கையும் என் போட்டோக்களும்தான் கைகொடுத்தன. நடுவில் வேறு பணப்பட்டுவாடா கம்பெனி வழியாகக் கட்டினால் இந்த உரிமை சிக்கலாகலாம். பேங்க் டிரான்ஸ்பர் மட்டும்தான் வேண்டும் என்று சொல்கிறவரிடம் கொடுக்கவே வேண்டாம். சிலிண்டர் மட்டும் இன்னும் வரவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய நிலையில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த சோல்டர், எத்தனை பாரில் சோதனை, கழற்றிய பழைய பாகங்கள் திரும்பி வருமா என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள். பாய்லருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் மூட்டுகளின் போட்டோ வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

ஏற்கெனவே யாரிடமாவது இப்படிக் கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தால், தயவுசெய்து இப்போதைக்குப் பற்றவைக்காதீர்கள். முதலில் கிளப்பில் பாய்லரையும் சேஃப்டி வால்வையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள்.