இயற்கை விவசாயத்துக்கு மாத்தி விடுற அமைப்பு, நம்பி சேரலாமா? டெல்டா விவசாயி ரிவியூ

திருவாரூர் பக்கம் எங்க ஊர்ல ஒரு தொண்டு நிறுவனம் விவசாயிங்கள குழுவா சேத்து ரசாயனத்துல இருந்து இயற்கைக்கு மாத்தி விடுற வேலைய பாக்குறாங்க. பேர் வேணாம், இதே வேலை செய்யற அமைப்பு எல்லா மாவட்டத்துலயும் இருக்கு, சேரலாமா வேணாமான்னு நிறைய பேர் கேக்குறதால எங்க குழு அனுபவத்த வச்சு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, ட்ரெய்னிங்க வச்சு மார்க் போடாதீங்க. பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் மாதிரி சாணி கோமியத்துல செய்யற கரைசல் எப்படி போடுறது, சாணி எவ்வளவு வெல்லம் எவ்வளவுன்னு யூடியூப்ல தேடினா நிமிஷத்துல வந்துடுது. மகசூல் இறங்குற முதல் ரெண்டு வருஷம் நம்ம வரப்புல வந்து நிக்கிறாங்களா இல்லையா, அத பாருங்க. இவங்க வந்து நின்னாங்க, அதுக்காக தான் இந்த ரிவியூவே.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசுக்கு கிடைக்குது, தூவின சில நாள்லயே பயிர் பச்சை கட்டிடும். தொழு உரமும் தழை உரமும் அப்படி இல்ல, மண்ணுல நுண்ணுயிர் பெருகி அத மக்க வச்சு அப்புறம் தான் தழைச்சத்து (நைட்ரஜன்) மெது மெதுவா பயிருக்கு போகும், வருஷக்கணக்கா வெறும் உப்பு உரத்துல பழகின மண்ணுல அதுக்கு நாளாகும். பக்கத்து வயல் கருகருன்னு நிக்கும்போது நம்ம வயல் வெளுத்து நின்னா வீட்லயும் பேச்சு டீக்கடையிலயும் பேச்சு, அந்த நேரத்துல தான் பாதி பேர் மறுபடி உரக்கடைக்கு ஓடுறாங்க. எங்க களப்பணியாளர் தம்பி ஆரம்பத்துலயே "மொத்த நிலத்தையும் ஒரேயடியா மாத்தாதீங்கண்ணே, முதல்ல ஒரு மா நிலம் (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) மட்டும் விடுங்க, மண்ணு தேறத பாத்துட்டு மத்தத கொண்டு வரலாம்"னு சொல்லிட்டாரு. குத்தகை கட்டுற ஆளுக்கு இந்த ஒரு பேச்சு எவ்வளவு பெரிய விஷயம்னு விவசாயம் பாக்குறவங்களுக்கு தெரியும்.

நடவுக்கு முன்னாடி தழை உரத்துக்காக தக்கைப்பூண்டு செடி விதைக்க வச்சாங்க, 45 நாள் வாக்குல பூ எடுக்கும்போது மடக்கி உழணும். உழறதுக்கு முன்னாடி அந்த தம்பி ஒரு செடிய வேரோட பிடுங்கி, வேர்ல இருந்த சின்ன சின்ன முடிச்சு ஒண்ண நகத்தால கீறி எங்க கையில வச்சாரு, உள்ள நல்ல சிவப்பு. "இப்படி சிவந்து இருந்தா காத்துல இருக்குற தழைச்சத்த பிடிக்குதுன்னு அர்த்தம்ண்ணே, வெளுத்து இருந்தா இன்னும் வேலை செய்யல"ன்னாரு. குழுவுல இருந்த பெரியவர் ஒருத்தர் அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசவே இல்ல, வயலோட நாலு மூலையிலயும் போய் செடிய பிடுங்கி கீறி பாத்துட்டு தான் கரையேறினாரு. அவர் வயல் இன்னிக்கு முழுசா இயற்கை தான்.

இன்னொரு நல்ல விஷயம், பாட்டில்ல அடைச்ச எதையும் நம்மகிட்ட விக்க மாட்டாங்க. இயற்கைன்னு பேர வச்சுக்கிட்டு டானிக் விக்க வர்ற கம்பெனிக்காரங்க ஊர் ஊரா சுத்துறாங்க, அவங்க கிட்ட மாட்டினா செலவு குறையவே குறையாது. இவங்க வேப்பங்கொட்டை கரைசலயே நம்ம கையால தயார் பண்ண வைக்கிறாங்க, 100 லிட்டர் தண்ணிக்கு 5 கிலோ பருப்பு, இடிச்சு ராத்திரி பூரா ஊற வச்சு வடிகட்டி கொஞ்சம் சோப்பு கரைசல் சேத்து சாயங்காலமா அடிக்கணும், வெயில்ல அடிச்சா வீரியம் போயிடும். மாடு இல்லாத வீடு தான் இப்ப ஜாஸ்தி, அதுக்கு குழுவுலயே மாடு வச்சிருக்கவங்க கிட்ட சாணி கோமியம் வாங்கிக்க ஏற்பாடு பண்ணி குடுத்தாங்க. விதையும் அப்படித்தான், பாரம்பரிய நெல் ரகங்கள மீட்ட நெல் ஜெயராமன் ஐயா எங்க மாவட்டத்து ஆதிரெங்கம் நெல் திருவிழாவுல 2 கிலோ பாரம்பரிய விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்கின முறைய தான் இவங்களும் வச்சிருக்காங்க.

சர்டிபிகேட் விஷயத்துல பிஜிஎஸ் முறை, அதாவது விவசாயிங்களே ஒருத்தர ஒருத்தர் சரிபாத்து இயற்கை சான்று வாங்குறது. குறைஞ்சது 5 விவசாயி சேந்து ஒரு குழு, ஒருத்தர் வயல இன்னொருத்தர் போய் பாத்து எழுதணும். பேருக்கு வரப்புல நின்னு கையெழுத்து போடுறது இல்ல, கொட்டாய்க்குள்ள போய் ஸ்ப்ரேயர் டேங்க தொறந்து மோந்து பாக்குறாங்க, பக்கத்து வயல் தண்ணி எந்த மடை வழியா வருதுன்னு கேக்குறாங்க. மாறுற காலத்துல பிஜிஎஸ் கிரீன், அப்புறம் தான் பிஜிஎஸ் ஆர்கானிக். ஏற்றுமதி பண்ணணும்னா இது செல்லாது, அதுக்கு என்பிஓபின்னு மத்திய அரசோட இயற்கை உற்பத்தி திட்டத்துல சான்று வேணும், நெல் மாதிரி பயிருக்கு விதைப்புக்கு முன்னாடி 2 வருஷம் மாறுற காலம், தென்னை மா மாதிரி நின்னு காய்க்கிறதுக்கு முதல் அறுவடைக்கு முன்னாடி 3 வருஷம். இத எங்களுக்கு முதல் கூட்டத்துலயே விளக்கி சொல்லிட்டாங்க. 2015ல மத்திய அரசு கொண்டு வந்த பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனாங்கிற இயற்கை விவசாய திட்டத்துல ஹெக்டேருக்கு 3 வருஷத்துக்கு 31,500 ரூபா ஒதுக்கீடு, அதுல 15,000 விவசாயி கணக்குக்கே வரணும், அந்த பேப்பர் வேலைக்கும் ஆள் கூட வராங்க.

இப்ப குறை. விக்கிற இடத்துல ரொம்ப வீக். மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனின்னு பாரம்பரிய நெல்லு போடுங்கன்னு சொல்றவங்க அத எங்க அரைக்கிறதுன்னு யோசிக்கல. பத்து பன்னெண்டு மூட்டைய தனியா அரைச்சு குடுக்க பெரிய மில்லுல ஒத்துக்க மாட்டாங்க, ஒத்துக்கிட்டாலும் முன்னாடி ஓடின நெல்லோட கலந்துடும். நெல்லா வச்சிருந்தா வண்டு விழுது, மருந்தும் வைக்க முடியாது, நொச்சி இலை வேப்பிலைய போட்டு எத்தன நாள் சமாளிக்கிறது? இவங்க கை காட்டின கடையில பணம் வர மாசக்கணக்காச்சு, அடுத்த போகத்துக்கு உழவு கூலி கையில இல்லாம தவிச்சோம். குழுவுக்குன்னு ஒரு சின்ன அரவை மிஷினும் சரக்கு எடுத்த அன்னிக்கே பாதி பணமும் ஏற்பாடு பண்ணலன்னா நல்லா தேறி வர்ற ஆளும் விட்டுட்டு போயிடுவாங்க, இத நேராவே சொல்லியிருக்கோம், செய்யணும். களை எடுக்க ஆள் கிடைக்காத பிரச்சனைக்கும் கையால தள்ளி களை எடுக்குற கோனோவீடர் ஒண்ண மட்டும் குழுவுக்கு குடுத்துட்டு போயிட்டாங்க, அது வரிசை நடவு வயலுக்கு தான் ஆகும், கை நடவுல கண்டபடி நட்ட வயல்ல என்ன பண்றது.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். உங்க பக்கம் இருக்குற அமைப்புல சேர போறீங்கன்னா ஏற்கனவே மூணாவது வருஷத்துல இருக்குற விவசாயி ரெண்டு பேர் வயல காட்ட சொல்லுங்க, நெல்ல எங்க அரைச்சாங்க பணம் எப்ப வந்துச்சுன்னு அவங்க கிட்டயே கேளுங்க. டெல்டாக்காரங்க சித்திரை பொறக்குறதுக்குள்ள போய் பேசிடுங்க, கோடை மழை ஈரத்துலயோ போர் தண்ணியிலயோ தக்கைப்பூண்டு விதைச்சா தான் ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்குள்ள மடக்கி உழுக முடியும்.